மரத்துப்போன பாதத்தை வரைவது

நம் ஆஸ்பத்திரியின் காலணிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். என் அனுபவத்திலிருந்து நாலு டிப்ஸ் போதும் என்று போனில் ஒரு தம்பி சொன்னார். தருகிறேன், தம்பி. ஆனால் நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசிய மாதிரி இனிப்பாக எழுத வராது. அன்றைக்குத் தோளில் சால்வை இருந்தது. என்ன கேட்டிருந்தாலும் நல்லதாகத்தான் சொல்லியிருப்பேன்.

நம் வேலை இன்னதென்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ பாதம் மரத்துப்போனவர்களுக்கு, அவரவர் காலுக்கு ஏற்றபடி செருப்புச் செய்து தருகிறோம். நான் ஃப்ரீ ஹேண்ட் டிராயிங்கில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலைக்குக் காத்திருந்து, அது கிடைக்காமல் இங்கே வந்தவள். வருகிறவர்களின் பாதத்தை மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் வரைய வேண்டும். புண், காய்ப்பு, வீக்கம், கோணல் எல்லாவற்றையும் அதில் காட்ட வேண்டும். உள்ளே செருப்புத் தைக்கிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ரப்பரை வெட்டுவார்கள். நான் ஒரு விரல் அளவு தள்ளி வரைந்தால் ரப்பரில் ஒரு விரல் அளவு தள்ளிப் பள்ளம் விழும். மரத்துப்போன காலுக்கு அது தெரியாது. புண் வந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் போனில் படம் எடுக்கிறீர்கள். எடுங்கள், அது வேண்டியதுதான். ஆனால் படம் எடுக்கிற நேரத்தில் உங்கள் கண் போனில் இருக்கிறது. வரைய உட்கார்ந்தால் வேறு வழியில்லாமல் காலைப் பார்த்தாக வேண்டும்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் அப்போதைய பிரிவுத் தலைவி. பெயர் வேண்டாம், தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது. பாராட்டிப் பேசத் தெரியாத மனுஷி. முதல் வாரம் பள்ளிகொண்டா பக்கத்து லாரி டிரைவர் ஒருவரை என் முன்னால் உட்கார வைத்தார். நான் பரீட்சைக்கு வரைகிற மாதிரி அழகாக நிழல் எல்லாம் தீட்டி வரைந்து நீட்டினேன். அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பி அந்த மனிதரின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். தலைகீழாக வைத்ததும்தான் எனக்கே தெரிந்தது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"இது உன் மனசுல இருக்கற கால். இவரோட கால் இங்க இருக்கு. மறுபடி வரை" என்றார்.

மறுபடி வரைந்தேன். அதையும் ஒதுக்கிவிட்டார். மூன்றாவது முறை என் பின்னாலேயே நின்றார். குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்ளங்காலின் ஓரத்தில், ஒரு சின்னக் கரும்புள்ளியை நான் மூன்று முறையும் வரையாமல் விட்டிருந்தேன். பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், அழுக்கு என்றேன்.

"அழுக்குன்னு கண்ணு சொல்லிச்சா, நீயா சொன்னியா?"

அவர் ஸ்பிரிட்டால் துடைத்தார். புள்ளி போகவில்லை. இடுக்கியை எடுத்து வந்து இழுத்தார். செருப்பு ஆணி ஒன்று முழுசாக வெளியே வந்தது. எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ, அந்த மனிதர் அதன் மேல் ஏறி நின்றுதான் கிளட்ச் மிதித்திருக்கிறார். ஆணி வெளியே வரும்போது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசி வரை டம்ளரைக் கீழே வைக்கவில்லை. நான்தான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அந்த அம்மாளிடம் கற்றதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடுங்கள். குதிகாலின் அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் அளந்துகொள்ளுங்கள். அந்த அகலம் பாதத்தின் நீளத்தில் எத்தனை முறை போகிறது என்று பாருங்கள். கை மடங்கினால் அளவு பொய். தைக்கிற நூலில் ஒரு ஆணியைக் கட்டிக் காலுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். நூல் நேராக நிற்கும், கால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். விரல்களை வரையாதீர்கள். விரல்களுக்கு நடுவே இருக்கிற சந்தை வரையுங்கள். விரல் என்றதும் நமக்குத் தெரிந்த விரல் ஒன்று மனசில் வந்து நின்றுவிடும். சந்துக்கு அப்படி எந்த உருவமும் மனசில் கிடையாது, அதனால் அதைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சின்ன விஷயங்கள் மறைந்து எது வெளிச்சம், எது இருட்டு என்பது மட்டும் நிற்கும். இன்னொன்று, புத்தகத்தில் சிவந்திருக்கும் என்று போட்டிருக்கும். நம் ஊர் நிறத்துக்குப் பல நேரம் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் கருத்து, மினுமினுப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள்.

இவ்வளவுதான் டிப்ஸ். இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

சகாயமேரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவள் உண்மைப் பெயர் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து ஒட்டி முடித்து வருகிற ஷூவை நின்றபடியே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் ஒதுக்குகிற வேலை. பல வருஷமாக சுகர். பாதத்தில் வந்த புண் ஒன்று ஆறி, இனி சாதாரணச் செருப்பு போடக் கூடாது என்று டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார். மெத்தென்ற ரப்பர் வைத்து அவளுக்குச் செய்த எம்.சி.ஆர். செருப்பைக் கொடுத்ததும் காலில் போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவளோ கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத் தையல் விளிம்பை விட்டு இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்றாள். அளந்து பார்த்தோம், போயிருந்தது.

இவ்வளவு நன்றாகப் பார்க்கிறாயே, உன் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

"அதுல இன்னா மேடம் இருக்கு பாக்க?"

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. உணர்ச்சி போன காலுக்குக் கண்தான் காவல். தினமும் காலைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறோம், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டார்கள், வரையச் சொன்னால் பார்த்துத்தான் ஆக வேண்டும். தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதன் மேலே காலைத் தூக்கிப் பிடித்து, தெரிவதை வரையக் கற்றுக்கொடுத்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் போதும் என்றேன்.

முதலில் வெட்கப்பட்டாள். எட்டாம் வகுப்பில் வரைந்ததோடு சரி என்றாள். ஆனால் சந்தைப் பார், நூலைப் பார் என்று நான் சொன்னதெல்லாம் அவளுக்குப் புதிதாகவே இல்லை. தையலுக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பார்த்தே வேலை செய்தவள். அவள் கோடு நடுங்கும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அளவு தப்பாது. அடுத்த மாதம் அவள் கொண்டுவந்த தாள்களை அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவில் என்னைத் தவிர யாரும் அப்படி வரைந்ததில்லை. மேடம் என்று கூப்பிட்டவள் அதற்குப் பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

சில மாதம் கழித்து ஒரு நாள், வர வேண்டிய முறைக்கு முன்னாலேயே வந்தாள். கட்டைவிரலின் அடிமூட்டில் ஒரு வட்டம் போட்டு உள்ளே பென்சிலால் கறுப்பாகத் தேய்த்திருந்தாள். அதற்கு முந்தைய நாள் தாளில் அந்த வட்டம் சின்னதாக இருந்தது. அதற்கும் முந்தையதில் வெறும் புள்ளி. புறங்கை வைத்துப் பார்த்தேன், சூடு இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, தோல் இன்னும் உடையவில்லை, நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள், சில வாரம் காலை ஊன்றாமல் படுத்திருந்தால் இதோடு போய்விடும் என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஒரு நோயாளி தானே வரைந்து, தானே கண்டுபிடித்து, உடையும் முன்னால் வந்து நிற்கிறாள்.

அவள் முகத்தில் அந்தப் பெருமை எதுவும் இல்லை. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு வரப்போகிறார்கள். அது முடிகிற வரை யாருக்கும் லீவு இல்லை. லைனில் எல்லோரும் கம்பெனி கொடுத்த மூடின ஷூவைத்தான் போட வேண்டும், திறந்த செருப்புக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே காலண்டர் தாளை எடுத்துப்போய் சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறாள். டிராயிங்கை ஸ்கூலில் காட்டு என்றாராம். டாக்டர் எழுதிக் கொடுத்ததை எச்.ஆரில் கொடுத்திருக்கிறாள். நிற்க முடியாதென்றால் வீட்டில் இருந்துகொள்ளலாம், ஆனால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஸ்டூலாவது போடச் சொல்லிக் கேட்டாளாம். ஒருத்திக்குப் போட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று பதில் வந்திருக்கிறது. அவள் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், படிப்பு முடிய இன்னும் காலம் இருந்தது.

அவள் பையிலிருந்து கம்பெனி ஷூவை எடுத்து என் மேசை மேல் வைத்தாள்.

"இதத்தான் போடப் போறேன்க்கா. வேணாம்னு நீங்க சொன்னாலும் போடுவேன். இதுல இன்னா செய்ய முடியுமோ செஞ்சி குடுங்க."

இந்த மாதிரி இடத்தில் புத்தகம் உதவாது. படுக்கைதான் சரி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அவள் படுக்கப் போவதில்லை என்பதும் மூவருக்கும் தெரியும். டாக்டரிடம் போய்க் கேட்டேன். இருக்கிறதில் எது கெடுதல் கம்மியோ அதைச் செய்யுங்கள் என்றார். ஷூவின் இன்சோலைப் பிய்த்தேன். மெத்தென்ற ரப்பரை வைத்து, அவள் வரைந்த வட்டத்தை அளவாக எடுத்து, அந்த இடத்தில் பள்ளம் தோண்டினேன். பள்ளத்துக்கு ஆழம் போதவில்லை, அதனால் அடியில் ஒரு அடுக்குச் சோல் ஏற்ற வேண்டியிருந்தது. ஒட்டின இடம் தெரியாமல் ஓரத்தை இழைத்துக் கறுப்பு பாலிஷ் போட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பெனி ஷூதான். நான் செய்தது சரியா என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். இன்றைக்கு அவள் வந்து அப்படி ஒரு ஷூவை என் முன்னால் வைத்தாலும் இதையேதான் செய்வேன்.

செய்தது பலித்தது. வரைந்த தாளைத் தினமும் சாயங்காலம் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். வட்டம் மெல்லச் சுருங்கியது. கறுப்பு வெளுத்தது. நான் என் மகள் வீட்டுக்குத் திருப்பத்தூர் போயிருந்தபோதுகூட அந்தத் தாள் வந்துவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆடிட்டுக்கு முந்தைய நாள் லைனில் இருக்கிற எல்லோரையும் வரிசையாக நிறுத்தி யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு, ஷூ எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். மேரி பக்கத்தில் ஒரு பெண் நின்றிருக்கிறாள். செக்கிங்குக்குப் புதிதாக வந்தவள், மேரியிடம்தான் வேலை கற்றவள். குனிந்து பார்த்துவிட்டு, மேரி அக்கா ஷூ மட்டும் உசரமாக இருக்கிறது சார், நாலு மில்லி இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தான் பார்க்கக் கற்றுக்கொண்டதைக் காட்டிக்கொள்கிற சந்தோஷம்.

சூப்பர்வைசர் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். மேரி உள்ளதைச் சொன்னாள். அவர் கத்தவில்லை என்று மேரியே சொன்னாள். ஆடிட் நேரத்தில் பேஜார் பண்ணாதீர்கள் அக்கா என்று அலுத்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்துவரச் சொன்னாராம். புது ஷூ, விறைப்பு கொஞ்சமும் போகாதது. அதைப் போட்டுக்கொண்டு ஆடிட் முடிகிற வரை நின்றாள்.

ஆடிட்டின் முதல் நாள் சாயங்காலம் வந்த தாளில் வட்டம் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. போன் செய்து ஷூவைக் கழற்று என்றேன். இன்னும் கொஞ்சம்தான், முடிந்துவிடும் என்றாள். அடுத்த நாள் வந்த தாளில் வட்டத்தின் நடுவே ஒரு கோடு இருந்தது. வளைந்து, ஒரு முனை விரிந்த கோடு. தோல் உடைந்துவிட்டது. அவள் அதைத் துளி பிசகாமல் வரைந்திருந்தாள்.

நான் கம்பெனிக்குப் போன் செய்தேன். எச்.ஆரில் ஒருவர் பேசினார், மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க டாக்டரா மேடம்?"

"இல்ல. காலணிப் பிரிவுல இருக்கேன். கால் வரையறவ."

டாக்டரைப் பேசச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். டாக்டர் அப்போது ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வெளியே வந்து பேசியபோது, ஆடிட் முடிந்ததும் கட்டாயம் கவனிக்கிறோம் என்று சொன்னார்களாம். மேரியிடமும் திரும்பப் பேசினேன். போனை எடுத்தாள், சரி அக்கா, சரி அக்கா என்றாள், மறுபடி போய் நின்றாள்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். அதற்குள் மேரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மகள்தான் ஆட்டோவில் ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எங்களிடம் கூட்டி வந்தாள். கிருமி எலும்புக்குள் போயிருந்தது. முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. கடைசியில் பாதத்தின் முன்பகுதி முழுவதையும் எடுக்க வேண்டி வந்தது.

வார்டில் போய்ப் பார்த்தேன். அந்த செக்கர் பெண்ணும் வந்திருந்தாள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, உட்காராமல் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். மேரிதான் அவளைத் தேற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "அவ மேல தப்பில்லக்கா. அப்பிடிப் பாக்கணும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். அந்தப் பெண் இன்னும் அதிகமாக அழுதாள்.

சூப்பர்வைசர் வரவில்லை. கம்பெனியிலிருந்து எச்.ஆர். ஆள் ஒருவர் ஒரு முறை வந்தார். நின்று செய்கிற வேலை இனி முடியாது, உட்கார்ந்து செய்கிற வேலை காலி இல்லை, அதனால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். காலுக்கு அவர்கள் பொறுப்பு இல்லை, சுகர் அவளுடையது. சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

இந்த இடத்தில் பாடம் ஒன்று எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எழுதுகிறேன். படத்தைச் சரியாக வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். பாதிகூட இல்லை. யார் பார்த்தால் காரியம் நடக்குமோ அவர் பார்க்கிற வரைக்கும் அது வெறும் காகிதம். அவர் பார்த்த பிறகும் காகிதமாகவே இருந்துவிடலாம். மேரிக்குப் பிறகு நான் வரைந்த எந்தப் படத்தையும் அட்டெண்டரிடம் கொடுத்து அனுப்பவில்லை. நானே எடுத்துக்கொண்டு போவேன். டாக்டர் பார்க்கும் வரை அறையை விட்டு நகர மாட்டேன். கம்பெனிக்குச் சொல்ல வேண்டியிருந்தால் போன் செய்வதில்லை, ஆஸ்பத்திரி ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு நேரில் போவேன். சில இடங்களில் கேட்டார்கள், பல இடங்களில் கேட் வரைக்கும்தான் விட்டார்கள். திமிர் பிடித்த பொம்பளை என்று பெயர் வந்தது. அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற்றேன். நீங்களும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் இந்த வேலையில் இருங்கள்.

மேரி புண் ஆறி, குச்சி ஊன்றிக்கொண்டு, புதுக் காலணிக்கு அளவு கொடுக்க வந்தாள். மிச்சமிருந்த பாதத்தை வரைந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்து முடித்துப் போட்டுவிட்ட அன்றைக்கு, பல நாளாக நினைத்து வைத்திருந்ததை அவளிடம் கேட்டேன். கிளினிக் நாளில் வந்து, மற்ற நோயாளிகளுக்குக் காலை வரையச் சொல்லித் தருகிறாயா, உன்னைப் போல யாராலும் முடியாது, ஆஸ்பத்திரியில் பேசி ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன். மேரி காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"பாக்கக் கத்துக் குடுத்தீங்கக்கா. நானும் பாத்துக்கினே இருந்தேன். பாத்துக்கினே இருக்கும்போதுதான் போச்சி."

குச்சியை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வெளியே போனாள். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.